35 நாள் பஞ்சு மூட்டை

போன வருடம் சித்திரை வெயிலில் கள்ளக்குறிச்சியிலிருந்து என் அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, பெர்ஷியன் பூனைக்குட்டி வாங்கிட்டோம். பஞ்சு மூட்டை மாதிரி இருக்கு!" ஆறாம் நாள் மறுபடி போன், இந்த முறை அழுகை. குட்டி எதையும் தொடவில்லை, வாந்தி, வயிற்றுப்போக்கு. கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, குளுக்கோஸ் ஏற்றியும் இரண்டே நாளில் போய்விட்டது. அவளுடைய பையன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸ் அது. பன்லூகோபீனியா என்பார்கள். உடலுக்குள் புகுந்து நோயாக வெளிப்பட பத்து நாள் வரை ஆகலாம். அதனால் விற்றவர் வீட்டிலேயே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். குட்டிக்கு அப்போது வயது வெறும் 35 நாள். முதல் தடுப்பூசிக்கே நேரம் வந்திருக்காது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் விற்கிறார்கள்? குட்டி சின்னதாக இருக்கும்போதுதான் பார்த்தவுடன் மனசு உருகும். விற்பவருக்குத் தீவனச் செலவும் தடுப்பூசிச் செலவும் மிச்சம். ஆனால் 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. என்னைக் கேட்டால் பன்னிரண்டு வாரம் வரை தாயோடு இருப்பதே நல்லது. மணல் தட்டில் போகவும், நகத்தை அடக்கி விளையாடவும் அது தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் பழகுகிறது.

வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்து ஜிபே பண்ணாதீர்கள். நேரில் போய்த் தாய்ப்பூனையைக் காட்டச் சொல்லுங்கள். "தாய் வேற ஊர்ல இருக்கு" என்றால் அவர் வளர்ப்பவர் இல்லை, வாங்கி விற்பவர். தடுப்பூசி அட்டையில் மருந்து லேபிளும் மருத்துவர் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

'பஞ்ச் ஃபேஸ்' என்றால் விலை அதிகம், 'டால் ஃபேஸ்' குறைவு. எனக்கு இந்தக் கணக்கே பிடிக்கவில்லை. மூக்கு உள்ளே போகப் போக மூச்சுத் திணறலும் கண்ணில் நீர் வடிவதும்தான் கூடும். நம் சமவெளி வெயிலில் அதற்கு இன்னும் கஷ்டம். வெள்ளிமலைப் பக்கம் கல்வராயன் மலையில் இருப்பவர்களுக்குக் குளிர்ச்சி சாதகம்தான், ஆனால் அவசரத்துக்கு மருத்துவரைத் தேடி இறங்க வேண்டுமே! எங்கே இருந்தாலும் தினமும் சீவாவிட்டால் முடி சடை பிடித்துத் தோல் புண்ணாகும்.

பெர்ஷியனுக்குப் பரம்பரையாக வரும் சிறுநீரகக் கட்டி நோய் ஒன்று உண்டு. பெற்றவற்றில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெளியே தெரிய பல வருடம் ஆகும். தாய், தகப்பன் இரண்டுக்கும் மரபணு பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்தார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் கிளம்பிவிடலாம்.

இன்னொன்று, பூனைக்கு உடம்பு சுட்டால் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். உயிரையே எடுத்துவிடும்.

அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்குமாம். தட்டு, கூடை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையைக் கழுவிவிட்டுக் காத்திருந்தாள் அக்கா மகள். போன ஞாயிறு பையனோடு சேலம் போய் ஒரு தாய்ப்பூனையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். குட்டிகளுக்கு இப்போது ஐந்து வாரம். இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.