சோம்பேறிகள் அல்லர் நம் பிள்ளைகள்

"படிக்க வைத்தோம், பட்டமும் வாங்கினான், இப்பொழுது உந்துருளியில் சோறு சுமக்கிறான்." திருமண விருந்துகளிலும் கோயில் மண்டபங்களிலும், ஏன், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும்கூட இந்தப் புலம்பல் ஓயாமல் கேட்கிறது. புலம்பலோடு நின்றால் பரவாயில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

விடிந்தது முதல் இரவு வரை சாலையில் கிடப்பவனைச் சோம்பேறி என்பது எந்த ஊர் நியாயம்? கண்விழித்து அழைப்பிதழ் வடிவமைக்கும் பெண்ணும், வாரக் கடைசி தவறாமல் திருமணங்களில் படமெடுக்க ஓடும் இளைஞனும் உழைப்புக்கு அஞ்சியவர்களா? 'நிலையான வேலை' என்று நாம் நீட்டும் பண்டத்தைத்தான் அவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

பண்டத்தின் தரத்தைச் சற்றுப் பார்ப்போம். 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 ஆனது. அதில் ஊழியர் சேமநிதிக்கு 187 ரிங்கிட் பிடித்தம். மிச்சத்தில் கோலாலம்பூரில் அறை வாடகை, பெட்ரோல், உந்துருளித் தவணை, அம்மாவின் கையில் கொடுக்க ஏதேனும்! பட்டதாரிக்கும் இதையொட்டிய சம்பளத்தையே நீட்டும் முதலாளிகள் உண்டு. சரி, 'நிலையான' என்ற சொல்லாவது மெய்யா? அரசு மருத்துவமனைகளில் 2016 இறுதி முதல் இளம் மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில்தான் எடுத்தார்கள். அவர்கள் 2021 சூலை 26 அன்று மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து எதிர்ப்புக் காட்டினார்கள். மருத்துவருக்கே அந்தக் கதி என்றால், வணிகம் படித்த பிள்ளைக்கு எதைச் சொல்லி நம்பிக்கை ஊட்டுவது?

ஆனால், இதைச் 'சுதந்திரம்' என்று கொண்டாடுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. நம் தாத்தாமார் தோட்டத்தில் நாள் கூலிக்கு மரம் வெட்டியவர்கள். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, கூலியும் குறையும். அதனால்தான் மாதச் சம்பளம் கேட்டுத் தொழிற்சங்கம் ஆண்டுக்கணக்கில் போராடியது. பேரனோ மறுபடியும் நாள் கூலிக்கே வந்து நிற்கிறான். ஒரே வேறுபாடு, மழை பெய்தால் தாத்தா வீட்டிலிருந்தார். பேரனுக்கு அப்பொழுதுதான் அழைப்புகள் கூடும், சறுக்கும் சாலையில் அவன் விரைகிறான். அன்று பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டார். இன்று கைப்பேசிச் செயலி கூப்பிடுகிறது. கங்காணியிடமாவது கெஞ்சவோ சண்டையிடவோ முடிந்தது. கணக்கை முடக்கிவிட்ட செயலியிடம் யார் போய்ப் பேசுவது?

இங்கேதான் நம் கோபம் திசை மாறிப் போகிறது. 1,700 ரிங்கிட் சம்பளக்காரருக்கு முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது மாதம் 221 ரிங்கிட், சேமநிதியில் போட்டாக வேண்டும். அதே உழைப்பை ஒருவன் 'தற்சார்பாக' விற்கும்பொழுது அந்த 221 ரிங்கிட் நிறுவனத்தின் பையிலேயே தங்கிவிடுகிறது. மருத்துவ விடுப்பும் இல்லை, ஆண்டு விடுப்பும் இல்லை. இதைத்தான் 'நீயே உனக்கு முதலாளி' என்று விளம்பரம் செய்கிறார்கள்!

2025 ஆகசுட்டில் மக்களவை கிக் தொழிலாளர் சட்ட முன்வரைவை நிறைவேற்றியது. விபத்துக் காப்பும், வழக்கைக் கேட்க ஒரு தீர்ப்பாயமும் அதில் உண்டு. வரவேற்கிறேன். எனினும், நிறுவனம் கட்டாயமாகப் போட வேண்டிய அந்தச் சேமநிதிப் பங்குக்கு அதில் இடமில்லை. இருபத்தைந்து வயதில் இது உறைக்காது. ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் புத்தகத்தைத் திறக்கும்பொழுது உறைக்கும்.

நம் இயக்கங்கள் ஊர் ஊராகத் தன்முனைப்புப் பயிலரங்கு நடத்துகின்றன. பிள்ளைகளுக்கு ஊக்கம் குறைவாம்! அந்த மேடைகளில் ஒன்றிலாவது ஒரு நிறுவனப் பொறுப்பாளரை ஏற்றி, "ஐயா, அந்த 221 ரிங்கிட் எங்கே?" என்று கேளுங்களேன்.