கிட்டார் ஒண்ணுதான், மரம் வேற... ரீஇஷ்யூ மாடல்களின் விலை ஏன் இறங்குது?

பெயின்ட் ஒரிஜினல். பிக்கப் மாத்தலை. பெட்டியும் சான்றிதழும் பத்திரமா இருக்கு. ஆனா வாங்க வந்தவர் கேட்கிற முதல் கேள்வி, “ஃபிங்கர்போர்டு என்ன மரம்?” ரோஸ்வுட் என்றால் பேச்சு தொடரும். ரிச்லைட், பௌ ஃபெரோ என்று பதில் வந்தால், அங்கேயே விலையைக் குறைத்துக் கேட்பார். அமெரிக்க, ஐரோப்பிய செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கிட்டார் சந்தையில் பத்து வருஷத்துக்கும் மேலாக இதுதான் கதை.

ஃபிங்கர்போர்டு என்பது கிட்டாரின் கழுத்தில், கம்பிகளுக்குக் கீழே ஒட்டப்பட்டிருக்கும் பலகை. சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதுக்கு ஏன் இவ்வளவு அலப்பறை?

முதலில் ரீஇஷ்யூ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 1950-60களில் வந்த புகழ்பெற்ற மாடல்களை, அந்தக் கால அளவு, அந்தக் கால வடிவம், அந்தக் கால பாகங்களோடு அதே கம்பெனி திரும்பச் செய்து விற்பதுதான் ரீஇஷ்யூ. கிப்சனின் 1958 முதல் 1960 வரையிலான லெஸ் பால் ஸ்டாண்டர்டு இன்று லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது. அதை வாங்க முடியாதவர்களுக்கு அதன் ‘அச்சு அசல்’ நகல். ஃபெண்டரும் அப்படித்தான், 1960களின் ஸ்ட்ராடோகாஸ்டரைத் திரும்பத் திரும்ப வெளியிடுகிறது. ஆக இங்கே விற்கப்படும் முக்கியமான பொருள் ‘அப்படியே இருக்கும்’ என்கிற வாக்குறுதி. அதில் எது மாறினாலும் சேகரிப்பாளர் கண்ணில் உறுத்தும்.

சிக்கல் என்னன்னா, அந்த அசல்களில் இருந்தது பிரேசில் ரோஸ்வுட். 1992-ல் சைட்ஸ் எனப்படும் சர்வதேச வனவிலங்கு, தாவர வர்த்தக ஒப்பந்தம் அதை முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. புலியும் அதே பட்டியலில்தான் இருக்கு என்றால் கண்டிப்பு புரியும். அதற்கும் முன்பே, 1960களின் பிற்பகுதியில் இருந்தே, கம்பெனிகள் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறத் தொடங்கியிருந்தன. இது நம்ம ஊர் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். நீலகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. இதைப் பாதுகாக்க தமிழ்நாடு 1994-ல் தனிச் சட்டமே இயற்றியது.

ரெய்டு வந்த கதை

2009-ல் மடகாஸ்கர் எபோனி இறக்குமதி தொடர்பாக அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் ஆலையில் சோதனை நடத்தினார்கள். எபோனி என்பது கருங்காலி வகை. கழுத்தில் மாலையாகப் போடும் மோகத்தால் நம்ம பக்கம் அந்தப் பேர் நல்லாவே பழக்கம். 2011 ஆகஸ்டில் மறுபடி சோதனை. இந்தத் தடவை சர்ச்சை, இந்தியாவில் இருந்து போன ரோஸ்வுட், எபோனி பலகைகள் மீது. அறுத்த மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை, செய்து முடித்த பொருளுக்கு அனுமதி. பாதி தயாரான ஃபிங்கர்போர்டு துண்டு இதில் எந்தப் பக்கம்? அதுதான் சண்டையே. வெளிநாட்டுச் சட்டத்தை மீறி எடுக்கப்பட்ட மரத்தை வாங்குவதும் குற்றம் என்கிறது அமெரிக்காவின் லேசி சட்டம். 2008-ல்தான் அதில் மரங்களையும் சேர்த்திருந்தார்கள்.

2012 ஆகஸ்டில் சமரசம் வந்தது. மடகாஸ்கர் விவகாரத்துக்காக 3 லட்சம் டாலர் அபராதம், வனவிலங்கு அறக்கட்டளைக்கு 50 ஆயிரம் டாலர். இந்திய மரத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இல்லை என்று ஒப்புக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார்கள். கிப்சன் சும்மா இருக்கவில்லை. திரும்ப வந்த மரத்தை வைத்து ‘கவர்ன்மென்ட் சீரிஸ்’ என்ற பெயரிலேயே கிட்டார் போட்டு விற்றது. குசும்பு!

ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஆலை ஓடணுமே. அதனால் சுட்ட மேப்பிள், கிரானடில்லோ என்று வேறு பலகைகள் வந்தன. எபோனிதான் அடையாளம் என்றிருந்த லெஸ் பால் கஸ்டமில் ரிச்லைட் வந்தது. அது மரமே கிடையாது. காகித அடுக்குகளைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் பலகை. கறுப்பா, வழவழன்னு, கோணாமல் இருக்கும். வாசிக்கிறவர்கள் பலர் நல்லாத்தான் இருக்கு என்கிறார்கள். வாங்குறவங்கதான் ஏத்துக்கலை. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய கிட்டாரில் ‘காகிதப் பலகை’ என்ற பேச்சு வந்தபிறகு, அதே மாடலின் எபோனி பிரதியைவிட மலிவாகத்தான் கைமாறுகிறது. பின்னர் கிப்சன் கஸ்டமை எபோனிக்கே கொண்டுபோனது. அதோடு ரிச்லைட் வருஷங்கள் என்ற முத்திரை நிரந்தரமாக விழுந்துவிட்டது.

2017, பிறகு 2019

அடுத்த அடி ஒட்டுமொத்தத் துறைக்கும் விழுந்தது. சீனாவின் ஹோங்மு மரச்சாமான்களுக்காக உலகம் முழுக்க ரோஸ்வுட் வெட்டப்பட்டதால், டால்பெர்ஜியா இனம் முழுவதையும் 2017 ஜனவரி 2 முதல் சைட்ஸ் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. தடை இல்லை. ஆனா விற்பனைக்காக எல்லை தாண்டும் ஒவ்வொரு கிட்டாருக்கும் பேப்பர் வேலை. மெக்சிகோவில் செய்து அமெரிக்காவில் விற்கும் ஃபெண்டருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்க. மெக்சிகோ தயாரிப்புகளை அது பௌ ஃபெரோவுக்கு மாற்றியது. 2019-ல் வந்த வின்டேரா வரிசையின் 60களின் ஸ்ட்ராடோகாஸ்டரும் அப்படித்தான் வந்தது.

இந்த விதியைத் தளர்த்திய சைட்ஸ் மாநாடு உண்மையில் கொழும்பில் நடக்க வேண்டியது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தள்ளிப்போய், ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் பாகங்களுக்கும் அந்த ஆண்டு நவம்பர் 26 முதல் விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் விலக்கு இல்லை. 2023-ல் வின்டேராவின் அடுத்த பதிப்பு வந்தபோது ரோஸ்வுட் திரும்பியிருந்தது.

நம்ம கணிப்பில் விலையைப் பாதித்தது பௌ ஃபெரோவின் தரம் இல்லை. ஸ்டீவி ரே வானின் பெயரில் 1992-ல் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட், பௌ ஃபெரோ பலகைக்கே பேர் போனது. அதை யாரும் மட்டம் என்று சொல்லவில்லை. ஏன்னா அந்த மாடலின் அடையாளமே அதுதான். 60களின் நகல் என்று சொல்லி விற்கும் கிட்டாரில் வந்தால் மட்டும் அதே மரம் ‘மாற்று’ ஆகிவிடுகிறது. நிறமும் காட்டிக்கொடுக்கும். பௌ ஃபெரோ சற்று வெளிறி, வரிவரியாக இருக்கும். அதை மறைக்க கறுப்பு எண்ணெய் தடவுறவங்க உண்டு.

சத்தம் மாறாதா என்று கேட்கலாம். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை எடுப்பது காந்த பிக்கப். பலகையின் பங்கு இருந்தாலும் சிறுசுதான். ஃபெண்டரே 1962-ல் தடிமனான ரோஸ்வுட் பலகையை மெல்லிசாக்கியது. இன்னொரு பக்கம், அகூஸ்டிக் கிட்டாரின் பின்பலகையை வைத்து 2018-ல் லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 52 கலைஞர்கள் கண்ணை மறைத்து வாசித்தும் விலை உயர்ந்த மரம், மலிவான மரம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது வேற வகை கிட்டார், வேற பாகம், நேரடி ஒப்பீடு கிடையாது. இருந்தாலும் காதை நம்பி விலை வைக்கிறோம் என்பவர்களுக்கு கொஞ்சம் சங்கடம்தான்.

மறுபக்கக் கதையும் உண்டு. 2003-ல் கிப்சன் கஸ்டம் ஷாப் சில ரீஇஷ்யூக்களில் பிரேசில் ரோஸ்வுட்டைப் போட்டது. இன்று அவை அதே வருஷத்து இந்திய ரோஸ்வுட் பிரதிகளைவிட நல்ல கூடுதல் விலைக்குப் போகின்றன. இருக்கிற போர்டைக் கழற்றிவிட்டு பிரேசில் மரம் ஒட்டித் தரும் பட்டறைகளுக்கு அனுப்புபவர்களும் இருக்காங்க. ஆனா பலர் கவனிக்காத ஒண்ணு: விலை ஏறினாலும் விற்கும் வழி சுருங்குது. முதல் பட்டியல் மரம் என்பதால் நாடு தாண்டி விற்க அனுமதிச் சான்று வேணும், மரம் எப்போ எங்கிருந்து வந்தது என்ற ஆதாரம் வேணும். ஆதாரம் இல்லாத பிரேசில் போர்டு உள்ளூர் சந்தைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ரிச்லைட் கிட்டார் விலை குறைவு, ஆனா எந்த விமான நிலையத்திலும் யாரும் மரத்தைப் பற்றிக் கேட்க மாட்டாங்க.

குறைந்த விலை மாடல்களில் கதை வேற மாதிரி. ஸ்குவையரின் 2019 கிளாசிக் வைப் 60களின் ஸ்ட்ராடோகாஸ்டர், எபிஃபோனின் 2020 லெஸ் பால் ஸ்டாண்டர்டு இரண்டிலும் ‘இந்தியன் லாரல்’ வந்தது. பேரைக் கேட்டு மிரள வேண்டாம், நம்ம கருமருதுதான். இந்த விலைக்கு வாங்குறவங்க அதைப் பெரிசா எடுத்துக்கலை. இங்கே யாரும் முதலீடாக வாங்குவதில்லையே.

அப்போ வாங்குறவங்க என்ன செய்யலாம்? வாசிக்க மட்டும் என்றால், 2012-ஐ ஒட்டிய ரிச்லைட் கஸ்டமும் முதல் பதிப்பு வின்டேராவும் தள்ளுபடியில் கிடைக்கும் நல்ல கிட்டார்கள். சில வருஷத்தில் விற்கிற எண்ணம் இருந்தால், அசலில் இருந்த வகை மரம் இருக்கிற வருஷமாகப் பாருங்க. வருஷத்தை மட்டும் நம்பாமல் சீரியல் நம்பரை வைத்து மாடல் விவரத்தைச் சரிபாருங்க, ஒரே வருஷத்தில் இரண்டு மரமும் வந்த மாடல்கள் உண்டு. பிரேசில் ரோஸ்வுட் என்று சொல்லி விற்றால் காகிதத்தைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுங்க. அதோடு வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போவதாக இருந்தால், சைட்ஸ் இசைக்கருவிச் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கணும்.