கைராசியும் காசநோயும்

நோயைக் குணப்படுத்தும் சரக்கு எதுவும் இல்லாத மாத்திரை அல்லது ஊசிக்கு மருந்துப்போலி என்று பெயர். சர்க்கரை மாத்திரையும் உப்புநீர் ஊசியும் இந்த வகை. மருந்து என்று நம்பி இவற்றை எடுத்துக்கொள்பவர்களில் பலருக்கு உண்மையிலேயே வலி குறைகிறது, குமட்டல் அடங்குகிறது.

இதற்கு மனம் இரண்டு வழிகளில் காரணமாகிறது. ஒன்று எதிர்பார்ப்பு, மற்றொன்று பழக்கம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில் கைராசி டாக்டர் என்று பேரெடுத்தவரின் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போதே பாதி நோய் போய்விட்டது என்பார்கள். அது எதிர்பார்ப்பின் வேலை. முன்பு ஊசி போட்டுக் குணமானவரின் உடம்பு, அடுத்த முறை ஊசியைக் கண்டதுமே தேறத் தொடங்குவது பழக்கத்தின் வேலை. தானாகவே தணியும் சளி, காய்ச்சலிலும் பெயர் கடைசியாகப் போட்ட ஊசிக்கே போய்ச் சேர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த நிவாரணம் வெறும் கற்பனை அல்ல. 1978இல் கலிபோர்னியாவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவரும் பல் பிடுங்கியவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினர். மருந்துப்போலியால் வலி குறைந்தவர்களுக்கு, அபின் வகை மருந்துகளை முறிக்கும் நாலோக்சோனைக் கொடுத்ததும் வலி கூடியது. நம்பிக்கை பிறக்கும்போது மூளை தன் சொந்த வலிநிவாரணியைச் சுரக்கிறது என்பதற்கு அது வலுவான சான்றானது.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆஸ்துமா நோயாளிகளுக்கு வெவ்வேறு நாட்களில் உண்மையான இன்ஹேலரும் மருந்தில்லாத இன்ஹேலரும் தரப்பட்டன. இரண்டிலும் ஏறத்தாழ சரிபாதி அளவு சுகம் தெரிந்ததாகவே அவர்கள் சொன்னார்கள். கருவியில் ஊதவைத்து அளந்தபோது, மருந்து தந்த நாளில் மூச்சின் அளவு 20 சதவீதம் கூடியிருந்தது. போலி இன்ஹேலரில் 7 சதவீதம்தான். சிகிச்சையே தராத நாளிலும் அதே அளவுதான். நோயாளி சுகத்தை உணர்ந்தார், மூச்சுக்குழாய் விரியவில்லை.

காசநோயில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. டாக்டர் சவுரி முத்து 1928இல் தாம்பரத்தில் காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்தைத் தொடங்கியபோது காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து உலகில் எங்கும் இல்லை. திறந்தவெளிக் காற்று, ஓய்வு, சத்தான உணவு, டாக்டரின் தேறுதல் மொழி ஆகியவையே சிகிச்சை. மருந்துகள் வந்த பிறகு, 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அங்கு நடந்த ஆய்வில், சானடோரியத்தில் தங்கியவர்களுக்கும் நெரிசலான வீடுகளில் ஏழ்மைச் சாப்பாட்டோடு இருந்தவர்களுக்கும் ஒரே மருந்துகள் தரப்பட்டன. ஓராண்டு முடிவில் இரு தரப்பாரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். 1959இல் வெளிவந்த இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. கிருமியை ஒழித்தது இடமோ காற்றோ அல்ல, மருந்து.

அன்பாகப் பேசும், பொறுமையாகக் காது கொடுக்கும் டாக்டரால் வலியும் பயமும் குறையும். ஒவ்வொரு நோயாளிக்கும் அது கிடைக்க வேண்டும். ஆனால் அது மருந்தோடு சேர வேண்டியதே தவிர, மருந்துக்குப் பதில் ஆகாது. காசநோய் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் இருமல் குறையும், பசி எடுக்கும், உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும். கிருமி அப்போதும் உள்ளே இருக்கும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். உடம்பு சொல்வதை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன மாதங்கள் முடியும்வரை மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள்.