14 நாட்களுக்குள் பிரிக்க வேண்டிய கடிதம்

எம்மவரில் ஒருவருக்குச் சலரோகம் என்றால் ஊரே மருந்து சொல்லும். மனநோய் என்றால் வீட்டுக் கதவு சாத்தப்படும். "அங்கொடைக்கு அனுப்பவேண்டிய ஆள்" என்ற ஏளனத்தைக் கேட்டு வளர்ந்த நாம் அதனை இலண்டன் வரை சுமந்து வந்துவிட்டோம். போரையும் சிறையையும் சித்திரவதையையும், முடிவு தெரியாது இழுபடும் அகதி விண்ணப்பத்தையும் தாங்கிய மனம் தளர்வது வியப்பன்று. பிள்ளையின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்றஞ்சி, பொலிசார் வாசலுக்கு வரும்வரை வைத்தியரை நாடாதிருப்பதே எம்மை வருத்துகிறது. அவ்வாறு காலம் கடந்து வைத்தியசாலைக்குச் செல்பவரும் அவரது குடும்பத்தவரும் தமக்குள்ள உரிமைகளை அறியாமலே இழந்துவிடுகின்றனர்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவரை அவரது விருப்பத்துக்கு மாறாக வைத்தியசாலையில் மறித்துவைக்க 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இடமளிக்கிறது. "செக்ஷன் பண்ணிவிட்டார்கள்" என்று எம்மவர் சொல்வது இதனையே. 2ஆம் பிரிவின் கீழ், நோயைக் கணிப்பதற்காக 28 நாட்கள் வரை வைத்திருக்கலாம். 3ஆம் பிரிவின் கீழ், சிகிச்சைக்காக 6 மாதங்கள் வரை வைத்திருக்கலாம். அதனைப் புதுப்பிக்கவும் முடியும். 2ஆம் பிரிவில் வைக்கப்பட்டவர் மனநல நியாயசபைக்கு முறையிட முதல் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தரணிக்கான செலவை அரசின் சட்ட உதவி ஏற்கும். நோயாளியின் வருமானம் பார்க்கப்படுவதில்லை.

இவற்றையெல்லாம் நோயாளிக்கு வாயாலும் எழுத்தாலும் விளக்குவது வைத்தியசாலையின் கடமை. நோயாளி மறுத்தாலொழிய, நெருங்கிய உறவினருக்கும் அந்த எழுத்தின் பிரதி அனுப்பப்பட வேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் வந்த உறை குடிவரவுத் திணைக்களத்தினுடையதோ என்ற பயத்தில் பிரிக்கப்படாமல் அலுமாரிக்குள் போனால், தவணை அங்கேயே கழிந்துவிடும். 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இத்தவணையை 21 நாட்களாக்க வழிசெய்துள்ளது. அது நடைமுறைக்கு வரும்வரை 14 நாட்களே கணக்கு.

"நெருங்கிய உறவினர்" என்பது வெறும் பெயரன்று. அவர் ஆட்சேபித்தால், நீதிமன்றம் அவரை அந்நிலையிலிருந்து நீக்கினாலன்றி, 3ஆம் பிரிவின் கீழ் ஒருவரை மறித்துவைக்க முடியாது. விடுவிக்கும்படி 72 மணிநேர அறிவித்தலை எழுத்தில் கொடுக்கவும் அவரால் முடியும். விடுவித்தால் ஆபத்து நேரும் என்று பொறுப்பு வைத்தியர் அறிக்கையிட்டாலே அது தடைப்படும். அகதி இடறுவது இங்கேதான். நோயாளி இந்நாட்டில் வசிப்பவராயின், யாழ்ப்பாணத்திலுள்ள தாயைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. தனித்து வந்த இளைஞனுக்கு யார் உளர்? 5 வருடங்களுக்குக் குறையாது அவனோடு ஒரே வீட்டில் வாழ்ந்த நண்பன், இரத்த உறவு இல்லாவிடினும், கடைசி வரிசையில் இடம்பெறலாம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்தெழும்பிய எம் இளைஞர்களில் எத்தனை பேர் இதனை அறிவர்? எவருமே இல்லையெனில் நீதிமன்றம் ஒருவரை நியமிக்கலாம். புதிய திருத்தத்தின்படி, நோயாளியே தமக்குரியவரைத் தெரிவுசெய்யும் முறை வரவிருக்கிறது.

மொழிபெயர்ப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வயது மகளை அருகில் இருத்தி, தூக்கில் தொங்கத் தோன்றுகிறது என்று எந்தத் தகப்பன் வைத்தியரிடம் சொல்வான்? உறவினரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவது வழமையாகக் கூடாதென்று மனநலச் சட்டத்துக்கான நடைமுறைக் கோவையே கூறுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. வருபவர் தெரிந்த முகமாயிருந்து ஊருக்குள் கதை போகுமோ என்று ஐயுற்றால், வேறொருவரைத் தரும்படி கேட்பதில் தவறில்லை. பெண்கள் பெண் ஒருவரைக் கேட்கலாம்.

செலவுக்கு அஞ்சுவோரும் உளர். குடும்ப வைத்தியரைப் பார்ப்பதற்கு விசா நிலை தடையன்று. சித்திரவதையால் உண்டான நோய்க்கான சிகிச்சைக்கு இங்கிலாந்தில் கட்டணம் அறவிடப்படுவதுமில்லை.

இரவெல்லாம் விழித்திருந்து கணவனைக் காவல்காக்கும் மனைவியை எவரும் நோயாளியென்று எண்ணுவதில்லை. இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தன் தேவைகளையும் மதிப்பிடுமாறு அவள் நகரசபையைக் கேட்கலாம். கணவன் உதவியை மறுத்தாலும் அவளுடைய உரிமை நிற்கும்.

கோயில்களும் தமிழ்ப் பாடசாலைகளும் தமது அறிவித்தற் பலகையில் இவ்விபரங்களுக்கு ஓர் இடம் ஒதுக்குமாறு கேட்கிறோம். திருவிழா அறிவித்தலுக்குப் பக்கத்திலேயே அது இருக்கட்டும்.