கைப்பேசி வந்துவிட்டது, கற்பது எப்போது?



இன்று நம் வீடுகளில் திறன்பேசி இல்லாத வீட்டைத் தேடித்தான் காண வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஒன்று வாங்கி அனுப்புகிறான். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் மருமகன் ஒன்று கொண்டு வருகிறார். பெட்டியைப் பிரித்ததும் வீடே கூடி நின்று பார்க்கிறது. பேரப் பிள்ளை சிம் அட்டையைப் போட்டு, வாட்ஸ்அப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டு ஓடி விடுகிறான். அத்துடன் பாடம் முடிந்தது! அதன்பின் தாதிமாவுக்கு அந்தக் கைப்பேசி பச்சைப் பொத்தானை அழுத்திப் பேசவும், சிவப்புப் பொத்தானை அழுத்தி வைக்கவும் மட்டுமே பயன்படுகிறது.

பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள பொருள் வீணாகிறதே என்பதன்று நம் கவலை. பொருள் நம் கையிலும் அதன் திறவுகோல் பிறர் கையிலும் இருப்பதுதான் கவலைக்குரியது.

நம் தருமபுரி மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2023 ஜூலை 24 அன்று, கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் நம் மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். தன்னார்வலர்கள் விண்ணப்பங்களைக் கைப்பேசிச் செயலி வழியாகப் பதிவு செய்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கப்பெற்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் சேரலாயிற்று. விண்ணப்பத்தின் நிலையும், பணம் வந்த செய்தியும் குறுஞ்செய்தியாகக் கைப்பேசிக்கே வந்தன. தன் பெயரில் வந்த பணத்தின் செய்தியைத் தானே படித்தறிந்த பெண் எத்தனை பேர்? பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டி, "என்ன வந்திருக்கு பாரு தம்பி" என்று கேட்டவர் எத்தனை பேர்? அந்தப் பையன் நல்லவனாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். அப்படி இல்லாவிட்டால்?

ஆகவே கைப்பேசியைக் கற்பது ஆடம்பரமன்று. தன் உரிமையையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் கல்வி. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரத்தில் அடிப்படை கைவந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.

முதற்பாடம்: எழுத்தும் குரலும்

கைப்பேசியில் பல் சக்கரம் போன்ற ஓர் அடையாளம் இருக்கும். அதுவே 'அமைப்புகள்' பகுதி. வீட்டில் சமையலறை எப்படியோ, கைப்பேசியில் இப்பகுதி அப்படி. எல்லாம் இங்கிருந்தே சமைக்கப்படுகின்றன. இங்கே மொழியைத் தமிழாக மாற்றிக் கொள்ளலாம். எழுத்தின் அளவையும் பெரிதாக்கிக் கொள்ளலாம். கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் அழைப்பு நின்றுவிடும் மூத்தோருக்கு, பெரிய எழுத்து எவ்வளவு பேருதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தமிழில் தட்டெழுதப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் 'தமிழ் 99' என்பது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணைய மாநாட்டின் பயனாக வந்த விசைப்பலகை. எழுதப் பழகாதவர்களுக்கு அதைவிட எளிய வழி, வாயால் சொன்னால் எழுத்தாக விழும் வசதி. விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் போதும். 2017 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம் இவ்வசதியை மேலும் எட்டு இந்திய மொழிகளுக்கு விரித்தபோது, தமிழும் உருதுவும் ஒருங்கே இடம்பெற்றன. வீட்டில் உருது பேசி, பள்ளியில் தமிழ் படித்த நம் பகுதிக் குடும்பங்களுக்கு இது இரட்டை வாய்ப்பு. நம் தக்னிப் பேச்சின் சில சொற்களை அது தவறாக எழுதக்கூடும். அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்வது நலம்.

இரண்டாம் பாடம்: தொழுகை நேரமும் கிப்லாவும்

தொழுகை நேரம் காட்டும் செயலிகள் ஏராளமாக வந்துள்ளன. ஆனால் ஏற்றியவுடன் அது காட்டும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்வது சரியன்று. காரணம் இதுதான். வைகறையும் இரவும் தொடங்கும் நேரத்தை, சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகை தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு கணக்கிடுகின்றனர். நம் நாட்டில் பரவலாக வழங்கும் கராச்சி இஸ்லாமியப் பல்கலைக்கழகக் கணக்கில் ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் 18 பாகை. வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் கணக்கில் 15 பாகை. இந்த மூன்று பாகை வேற்றுமை, நம் ஊரில் ஏறத்தாழ 12 நிமிடங்கள். அமெரிக்கக் கணக்கு பதிந்த செயலியை நம்பி ரமளானில் சஹர் செய்பவர், நம் பள்ளிவாசல் அட்டவணைப்படி நோன்பு தொடங்கி 12 நிமிடம் ஆன பின்பும் உண்டுகொண்டிருப்பார்! சவூதியின் உம்முல் குரா கணக்கோ மஃக்ரிபிலிருந்து 90 நிமிடம் கழித்து இஷா என்று வைக்கிறது. நம் ஊரில் 18 பாகைக் கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்திலேயே இஷா வந்துவிடும்.

அஸரிலும் கவனம் தேவை. நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு ஒரு மடங்கு ஆகும்போது அஸர் நேரம் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. இரு மடங்கு என்பது ஹனஃபீ மத்ஹபின் வழக்கு. இவ்விரண்டுக்கும் இடையே முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறுபாடு உண்டு. கடலோர ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி. உருது பேசும் நம் பகுதிக் குடும்பங்களில் ஹனஃபீகளே பெரும்பாலோர். ஆகவே செயலியின் அமைப்பில் ஊர், கணக்கு முறை, மத்ஹப் மூன்றையும் திருத்திவிட்டு, மஹல்லாப் பள்ளிவாசல் அட்டவணையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லையெனில் பள்ளிவாசல் அட்டவணையே நமக்கு முன்னுரிமை. ஐயம் இருப்பின் இமாமிடம் கேட்டுத் தெளிக.

கிப்லா காட்டும் செயலி, கைப்பேசிக்குள் இருக்கும் சிறு காந்த உணர்கருவியைக் கொண்டு இயங்குகிறது. காந்தப் பூட்டுள்ள உறை, இரும்புக் கட்டில், பீரோ ஆகியவை அருகில் இருந்தால் முள் வழிதவறும். உறையைக் கழற்றி, இரும்பை விட்டு விலகி நின்று, கைப்பேசியை எட்டு எண் வடிவில் சிலமுறை சுழற்றினால் அது தன்னைச் சரிசெய்து கொள்ளும். தருமபுரியிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 19 பாகை சாய்ந்திருக்கிறது. இதை நினைவில் வைத்தால் கருவி பிழை செய்யும்போது உடனே புலப்பட்டுவிடும்.

மூன்றாம் பாடம்: பூட்டும் பணமும்

வீட்டுக்குத் தாழ்ப்பாள் போல் கைப்பேசிக்குத் திரைப்பூட்டு. பிறந்த ஆண்டையோ, 1234 என்பதையோ பூட்டு எண்ணாக வைப்பது, கதவைச் சாத்திவிட்டுச் சாவியை வாசலிலேயே மாட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

2016இல் வந்த யு.பி.ஐ. முறையால் காய்கறிக் கடையிலும் கைப்பேசியால் பணம் கொடுக்கிறோம். இங்கே ஒரே ஒரு விதியை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்: பணம் கொடுக்கத்தான் இரகசிய எண் வேண்டும், பணம் பெறுவதற்கு ஒருபோதும் வேண்டியதில்லை. "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, உதவித்தொகை வந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்" என்று எவர் சொன்னாலும் அவர் நம்மிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார் என்றே பொருள். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. எண்ணை எந்த வங்கி அதிகாரியும் தொலைபேசியில் கேட்பதில்லை. "உங்களைக் கைது செய்திருக்கிறோம், திரையை விட்டு நகரக் கூடாது" என்று காணொளியில் காவலர் உடையில் மிரட்டுவோரும் உளர். காணொளி வழியே கைது செய்யும் முறை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. அஞ்சாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டாரிடம் சொல்லுங்கள்.

அப்படியும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழைத்து முறையிடுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகும். "கணவர் திட்டுவாரே, மகன் சினப்பானே" என்று இரண்டு நாள் பொத்தி வைக்கும் பெண்ணே முழுவதையும் இழக்கிறாள். குடும்பத்து ஆண்களுக்கும் ஒரு சொல்: ஏமாற்றியவன்தான் குற்றவாளி, ஏமாந்தவள் அல்லள். ஏசுவதை ஒத்திவைத்து, முதலில் அந்த எண்ணை அழையுங்கள்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். எண்பலகையில் நட்சத்திரக் குறி, கட்டக் குறி, 06, மீண்டும் கட்டக் குறி என அழுத்தினால் 15 இலக்க எண் தோன்றும். அது அந்தக் கைப்பேசியின் அடையாள எண். அதை ஒரு தாளில் எழுதிக் குடும்ப அட்டையுடன் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, 2023 மே மாதம் தொடங்கப்பெற்ற மைய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளம் வழியாக அக்கருவியை நாடெங்கும் முடக்கிவிடலாம். பழுது நீக்கக் கடையில் கொடுக்குமுன் குடும்பப் படங்களை வேறிடத்தில் சேமித்து, கருவியிலிருந்து அழித்துவிடுவது நம் கண்ணியத்துக்குக் காவல்.

நான்காம் பாடம்: பகிருமுன் நில்!

2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த வேளையில், நம் அண்டை மாவட்டமான திருவண்ணாமலையின் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பம் அது. அவர்களைத் தாக்கிய கைகள் சில. வதந்தியைப் பகிர்ந்த விரல்கள் எத்தனை ஆயிரமோ! அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வாட்ஸ்அப் வரம்பு கட்டியது. 2020இல் தொற்றுநோய்க் காலத்தில் நம் சமுதாயத்தின் மீதே பொய்க் காணொளிகள் வாரி இறைக்கப்பட்டபோது, நாம் எப்படித் துடித்தோம் என்பதை மறந்துவிடவில்லை. அந்த வலியை அறிந்த நாம், பிறரைப் பற்றிய உறுதியற்ற செய்தியைப் பகிரலாமா? தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் நம்மைப் பணிக்கிறது. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். சொன்னவர் யார், எந்த நாள், எந்த ஊர் என்று தெரியாத செய்தி நம்மோடு நிற்கட்டும்.

கற்பிப்போருக்கு

வீட்டிலுள்ள மருமகள்களுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மூத்தவர்கள் கேட்கும்போது கைப்பேசியைப் பிடுங்கி, நான்கு தட்டுத் தட்டி, "இந்தாங்க" என்று நீட்டாதீர்கள். அதனால் வேலை முடியும், கல்வி நடவாது. கருவி அவர்கள் கையிலேயே இருக்கட்டும், விரலும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். நீங்கள் வாயால் மட்டும் வழிகாட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். இன்று ஒருவரை அழைப்பது, நாளை ஒரு படம் எடுப்பது, மறுநாள் ஒரு குறுஞ்செய்தியைப் படிப்பது. மறந்தால் மீண்டும் சொல்லுங்கள். அலிஃப், பே, தே என்று நமக்கு எத்தனை முறை அலுக்காமல் சொல்லித் தந்தார்கள் அவர்கள்!

மூத்த சகோதரிகளே, "இந்த வயதில் எனக்கென்ன" என்று ஒதுங்காதீர்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் போய் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபோது நீங்கள் கற்கவில்லையா? இதுவும் ஒரு கருவியே. கற்றவர் கையில் ஊழியம் செய்யும். கல்லாதவரையோ தனக்கு ஊழியம் செய்ய வைக்கும். கற்றபின்னும் அதற்கோர் எல்லை வேண்டும். உணவு விரிப்பிலும், பாங்கு சொல்லும் வேளையிலும், பிள்ளைகள் உறங்கும் அறையிலும் அதற்கு இடமில்லை என்று வீட்டில் ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். சட்டம் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான்!

நமக்கு அருளப்பட்ட ஒவ்வோர் அருட்கொடையைப் பற்றியும் மறுமையில் கேள்வி உண்டு. கையிலுள்ள இந்தச் சிறு கருவியும் அக்கணக்கில் சேரும். அதை நன்மைக்கே பயன்படுத்தும் அறிவையும், தீமையிலிருந்து விலகும் வலிமையையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.