பெரியம்மாவிடம் யார் கேட்பது?

பழைய வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து வேறோர் இடத்தில் மறுபடி நிறுத்திவிட முடியும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அதைச் செய்து காட்டியிருக்கிறது. டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996இல் திறந்த அருங்காட்சியகம் அது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கைவண்ணமும் அதில் உண்டு. இடிபட இருந்த தென்னக வீடுகள் பல அங்கே திண்ணையோடும் முற்றத்தோடும் நிற்கின்றன. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தூண் தனியாகவும் நிலைக்கதவு தனியாகவும் விலைபோகிற காலத்தில், ஒரு வீடு முழுதாக நிற்பதே பெரிய காரியம்.

வீடுகளைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. அந்த வீடுகளில் புழங்கிய சாமான்களை எப்படிக் கையாண்டார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்களைப் பற்றித்தான் என் கவலை. அவர்களுக்கு எண்பது வயது ஆகிவிட்டது.

தென்மாவட்ட அருங்காட்சியகம் ஒன்றுக்கு என் பெரியம்மாவை அழைத்துப் போயிருந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு குலுக்கை. ‘தானியம் சேமிக்கும் கலன், மண்’ என்று அட்டையில் எழுதியிருந்தது. பெரியம்மா குனிந்து அதன் அடியில் இருந்த ஓட்டையைத் தேடினார். "இது வழியாத்தான் கம்பு எடுப்போம். பழந்துணியைச் சுருட்டி அடைச்சு, மேல சாணியைப் பூசிருவோம். புதுசு மேல விழும், பழசு கீழ வரும்." மண்ணோடு வைக்கோலைச் சேர்த்துக் குழைத்து ஒரு வரி வைத்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்த வரி வைப்பார்களாம். அவசரப்பட்டால் இடுப்பு பிதுங்கிவிடும் என்றார். அடியில் தங்கும் கடைசிக் கம்பை வழிக்க இவரைத்தான் உள்ளே இறக்கி விடுவார்களாம்; வீட்டில் ஒல்லிப் பிள்ளை இவர்தான். உள்ளே புழுக்கமும் தூசியும் தாங்காது, தும்மிக்கொண்டே வழிப்பாராம்.

பக்கத்தில் ஒரு சுளகு தொங்கியது. அதையும் உற்றுப் பார்த்துவிட்டு, "இது மெழுகாத சுளகு, புழங்கவே இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். ஊறிய வெந்தயத்தையும் காகிதத்தையும் சேர்த்தரைத்து மெழுகினால்தான் இடுக்கில் அரிசி சிக்காது, சுளகும் நாள்பட உழைக்கும். காவலர் வந்து, "பாட்டி, தள்ளி நில்லுங்க" என்றார். அவர் வேலை அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த அட்டையை எழுதிய அதிகாரியைவிட அதிகம் தெரிந்த ஒருவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். கேட்க யாரும் இல்லை. நம் அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

அயர்லாந்தில் 1937, 38இல் ஒரு காரியம் செய்தார்கள். ஆரம்பப் பள்ளிகளின் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதிவரச் சொன்னார்கள். வைத்தியம், வெண்ணெய் கடைவது, பேய்க்கதை, பழைய கூலி என்று எல்லாம் வந்தன. ஏறத்தாழ 5,000 பள்ளிகள், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய நிறுவனம் ஒன்றும் அதை எழுதவில்லை. பென்சில் பிடித்த சின்னக் கைகள் எழுதின.

இங்கே கி.ராஜநாராயணன் போன்ற தனிமனிதர்கள் கரிசல்காட்டுச் சொல்லையும் கதையையும் தேடித் தேடிச் சேர்த்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கி.ரா. கிடைக்க மாட்டார். ஆனால் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பருவம் முழுக்க வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். அதற்கு மதிப்பெண் கொடுக்கட்டும். நோட்டுகள் மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே என்பார்கள். அம்மியில் மசாலா அரைப்பது இருக்கிறது. அம்மி தேய்ந்தால் கொத்திக் கொடுக்க எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருவார், என்ன வாங்குவார் என்பது எந்த வீடியோவில் இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. தேக்குத் தூண் நூறு வருஷம் நிற்கும். கூலிக்காரன் வேய்ந்த பனையோலைக் குடிசை சில மழைக்கு மேல் தாங்காது. எனவே எந்த அருங்காட்சியகமானாலும், விரும்பாமலேகூட, வசதி இருந்தவர் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துவிடும். இல்லாதவர் விட்டுப்போனது பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான்.

அன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் தானியம் அளக்கும், பித்தளைப் பூண் போட்ட மரக்கால் ஒன்று இருந்தது. அழகான வேலைப்பாடு. பெரியம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். "எங்க ஊர்ப் பண்ணையில ரெண்டு இருக்கும். விளைச்சல்ல வாரம் வாங்குறப்போ ஒண்ணு, கூலி அளக்குறப்போ ஒண்ணு. ரெண்டும் ஒரே அளவுன்னு அவுக சொல்லுவாக." பண்ணையின் பெயரையும் சொன்னார். அந்தக் குடும்பத்தார் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள், ஆகவே அட்டையில் பெயர் போட முடியாதுதான். பெயரை விட்டுவிட்டு, ‘ரெண்டு இருக்கும்’ என்பதையாவது எழுதிவைக்கலாம்.