சயனைடு மேட்டுக்குப் பச்சைப் போர்வை

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்குக் கோலார் தங்கவயலில் ஓர் உறவாவது இருக்கும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம்மவர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வெட்டிய பாறையை அரைத்துப் பொன் எடுத்தார்கள். மிஞ்சிய சக்கைதான் ஊரார் சொல்லும் சயனைடு மேடு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மேடுகள் போகவில்லை. மொத்தம் 13, எடை மூன்று கோடி டன்னுக்கு மேல்.

சயனைடு வெயிலில் நாளடைவில் சிதைந்துவிடும். மாவாக அரைபட்ட கல் சிதையாது. காற்று எழும்பினால் அது லயன் வீடுகளுக்குள் புகுந்து சோற்றிலும் படிகிறது, நுரையீரலிலும் படிகிறது. சுரங்கத்துக்குள் அப்பாவுக்கு வந்த நோய், வாசலில் விளையாடும் பேரனுக்கு வரவேண்டுமா?

ரயில்வேயில் பல வருஷம் பாதைக் கரைகளைப் பராமரித்தவன் நான். புதுக் கரையில் மழைக்கு முன் புல் பதிக்காவிட்டால் சரிவெல்லாம் அரித்து ஓடிவிடும். கல் பாவினால் செலவு அதிகம், பெயர்ந்தால் ஆள் போகவேண்டும். புல் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும். வெட்டிவேர் பத்தடி ஆழம் வரை இறங்கி மண்ணைத் தைத்துப் பிடிக்கும். புளித்த மண்ணையும் தாங்கும். புங்கன் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும், இலையால் புழுதியைத் தடுக்கும், சருகை உதிர்த்துச் செத்த மண்ணை மண்ணாக்கும். சீமைக் கருவேலும் இந்த வேலைகளைச் செய்யும். (அதைத் திட்டாத தமிழர் இல்லை. சயனைடு மேட்டில் மட்டும் நான் திட்டமாட்டேன்.)

மேடுகளை மறுபடி தோண்டிப் பொன் எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. வேலை கிடைக்கும் என்று தங்கவயல் மக்கள் எதிர்பார்ப்பது நியாயமே. நானும் எதிர்க்கவில்லை. "மேடே கரையப் போகிறது, செடி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் போடுங்கள். ஒரு டன் சக்கையில் ஒரு கிராம் பொன்கூடத் தேறாது. எல்லாம் எடுத்த பிறகும் அதே மூன்று கோடி டன் எங்கேயோ குவியத்தான் போகிறது, இன்னும் நைசாக.

ஆகவே தோண்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, குடியிருப்புக்கும் மேட்டுக்கும் நடுவில் புங்கனும் வேம்பும் நாலைந்து வரிசை நிற்கவேண்டும். புதுக் குவியல் எழ எழ, சரிவில் வெட்டிவேர் நடவேண்டும். இதற்கான பணம் ஏலப் பத்திரத்திலேயே எழுதப்படவேண்டும். அந்தத் தழையை ஆடுமாடு மேயவிடக் கூடாது. மண்ணிலுள்ள உலோகம் இலைக்கு ஏறிப் பாலுக்கும் வரலாம். சங்கம் இதை மனுவாக எழுதி அரசுக்கு அனுப்ப வேண்டுகிறேன். கன்று நடும் அளவுகளை வரைந்து தர நான் தயார்.